வராதவர்கள்

போன வருடம் ஓணம் கழிந்த திங்கட்கிழமை அண்டி ஆபீசுக்கு மிஷின் வந்தது.

ஆபீஸ் என்றதும் மேஜையும் மின்விசிறியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். திருவட்டாறு பக்கத்தில் முந்திரிப்பருப்புத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். முந்திரிக்கொட்டை அண்டி, அதைச் சுட்டு, தல்லி உடைத்து, பருப்பெடுக்கிற ஓட்டுக் கொட்டகை ஆபீஸ். இங்கே நாற்பது வயதுப் பெண்கள் பாதிப்பேர் காலையில் தூக்குச்சட்டியோடு "ஆபீசுக்குப் போறேன்" என்று கிளம்புவார்கள். இதைக் கேட்டுப் பெண் கொடுக்கல் வாங்கல் பேசி, கல்யாணத்துக்குப் பிறகு விவரம் தெரிந்த வெளியூர்க்காரர்கள் உண்டு.

மிஷின் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில், கர்த்தர் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவே மாட்டப்பட்டது. அதுவரை வருகைப் பதிவு என்பது நீள நோட்டில் மேஸ்திரி போடும் சரிக்குறி. இனி விரலை வைத்தால் போதும். வைத்தார்கள். "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது மிஷினுக்குள் இருந்த இங்கிலீஷ்காரி. மூன்று முறை ட்ரை செய்தும் தெரியவில்லை என்றால் அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை என்று எழுதிக்கொள்ளும். ஆனால் உள்ளே போய் வேலை செய்ய யாரும் தடை சொன்னதில்லை. வேலைக்கு வரலாம், வந்ததாகத்தான் ஆகாது.

ரெஜிலாவின் விரலில் ரேகை போய்ப் பல வருடமாயிற்று. பத்தொன்பது வருடத்தில் முதல் பன்னிரண்டு வருடம் தல்லுகிற பிரிவு. உடைத்த தோட்டிலிருந்து தெறிக்கிற எண்ணெய் எத்தனை சாம்பல் பூசினாலும் தோலைத் தின்றுவிடும். அதில் மிஞ்சியதை, தொலி உரிக்கிற பிரிவுக்கு மாறிய ஏழு வருடங்கள் தேய்த்துக்கொடுத்தன. ஞாயிறு முழுக்கக் கைக்கு ஓய்வு கிடைப்பதால் வாரத்தின் முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் மிஷின் அவளை அடையாளம் கண்டு "தேங்க் யூ" சொல்லும். வியாழக்கிழமை மறந்துவிடும். இந்த வைகாசியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிரீனாவை மட்டும் அதற்கு எல்லா நாளும் பிடித்திருந்தது.

இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூலி எடைக்குத்தான். உரித்த பருப்பை நிறுத்துச் சீட்டு தருவார்கள், சனிக்கிழமை சீட்டைக் காட்டினால் பணம். சீட்டு இருக்கிறவரை இங்கிலீஷ்காரி என்ன சொன்னால் என்ன?

வைகாசி கடைசியில், மழை தொடங்கிய மூன்றாம் நாள், ரெஜிலாவின் கணவன் ஞானதாஸ் ரப்பர் வெட்டப் போன இடத்தில் பாசி பிடித்த சரிவில் வழுக்கி விழுந்தான். இடுப்பு எலும்பின் பந்து உடைந்துவிட்டது. மாற்றுப் பந்து வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கால் குட்டையாகிவிடும் என்றார் டாக்டர். நாலு பேருடைய தோட்டங்களில் மாறி மாறிப் பால் வெட்டுகிறவனுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு கிடையாது. ரெஜிலாவுக்கு உண்டு. அவள் கார்டில் அவனுக்கும் ஆபரேஷன் செய்யலாம். ஒரே நிபந்தனை, ஒரு வருடத்தில் அவள் நூற்றைம்பத்தாறு நாளாவது வேலைக்கு வந்த கணக்கு இருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர் நல்ல மனிதர். இரண்டு முறை பார்த்தார். எண்பத்தெட்டு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கையும் சாளை மீன்கறியையும் கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சொன்னாள். ஞானதாஸ் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"பாக்கி நாளு நீ எங்க போன?"

"அண்டி ஆபீசுக்கு."

"அவனுவ வரல்லேண்ணுல்லா எழுதியிருக்கானுவ."

"அப்பம் தெனமும் காலத்த ஏழு மணிக்கு நான் ஆருகூட ஓடிப்போனேன்? நீங்களே சொல்லுங்க."

"களியாக்காத, ஏட்டி. எனக்க காலு குட்டையாவப் போவுது."

"ஆவாது. தின்னுங்க."

அவன் தின்னவில்லை. அவள் தின்றாள். நாளைக்கு மேனேஜரைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு பேசினால் அவளுக்கு அழுகை வந்துவிடும்.

மேனேஜர் கோலப்பன் சத்தம் போட்டுப் பேசி யாரும் கேட்டதில்லை. பெண்கள் எல்லாரையும் "அம்மா" சேர்த்துத்தான் கூப்பிடுவார். ஒருவருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் முதலில் உட்காரச் சொல்லுவார்.

"உக்காருங்கம்மா," என்றார்.

ரெஜிலாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் மடியிலிருந்து எடைச் சீட்டுக் கட்டை எடுத்து வைத்தாள்.

"சாரே, இது மாசி பதினொண்ணு. ஏழு கிலோ உரிச்சிருக்கேன். அண்ணைக்கு நான் வரல்லேண்ணு இருக்கு. வராதவ எப்பிடி ஏழு கிலோ உரிச்சா?"

கோலப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதுதாம்மா எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

"நீங்கதான் கையெழுத்து போட்டிருக்கிய."

"எடைக்குப் போட்டிருக்கேன். ஆளுக்கு மிஷின்தானே."

"மிஷினுக்குத் தெரியல்ல. உங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்குத் தெரிஞ்சு என்னம்மா? நான் மனுசன், தப்பு செய்வேன். மிஷினுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்பம் எனக்குத் தெரியுமா?"

"நான் அப்படிச் சொல்லல்லியே. சாப்ட்வேர் பெங்களூர்ல இருக்கு. இஞ்ச கையால ஒரு புள்ளி வைக்க முடியாது. உங்க வீட்டுக்காரருக்காக நான் ஜெபம் பண்ணச் சொல்லுதேன்."

கோலப்பன் நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். ஜெபத்தை யாரிடம் சொல்லுவார் என்று ரெஜிலா கேட்கவில்லை.

அன்றைக்குத் தொலி உரிக்கிற வரிசையில் விஷயம் ஓடியது. ஒவ்வொருத்தியும் வீட்டுக்குப் போய்க் கார்டை எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தாள். பூங்கனிக்கு அறுபத்தொரு நாள். ஜெயபாய்க்கு நாற்பது. கண்ணாடி போட்டு, பிள்ளைகளின் கல்யாணம் முடித்து, மூட்டுவலிக்கு மருந்தும் வாங்கிக்கொண்டிருந்த ஜெயபாய், தான் ஒரு வருடமாக ஏறக்குறைய இல்லவே இல்லை என்று தெரிந்து முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "சவம், அப்பம் எனக்க முதுகு ஆருக்கு வலிக்கி?" என்றாள்.

சங்கம் கூடியது பூங்கனி வீட்டு முற்றத்தில். ஞாயிறு மூணு மணி. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கும் அய்யா வைகுண்டர் பதிக்குப் போகிறவர்களுக்கும் ஒத்துவருகிற நேரம் வாரத்தில் அது ஒன்றுதான். ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். மழை மேலே கொட்ட, கீழே பால் விடாத கட்டன்சாயாவும் அவித்த பயறும்.

சங்கச் செயலாளர் முருகதாஸ் பகலில் ஆட்டோ ஓட்டுகிறவர். நேர்மையானவர், ஜாமீனில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டால் வருகிறவர். ஒரு குறைதான். எந்தக் கூட்டமானாலும் உலக நிலைமையிலிருந்துதான் தொடங்குவார். அங்கிருந்து இந்தியா, பிறகு தமிழ்நாடு, பிறகு மாவட்டம். அண்டி ஆபீசுக்கு வந்துசேரும்போது கடைசி பஸ்ஸுக்கு நேரமாகி எல்லாரும் எழுந்திருப்பார்கள். மூன்று வருடமாக இப்படி அண்டி ஆபீஸ் பாக்கி நிற்கிறது.

"தோழர்களே, இன்றைக்கு உலகம் ஒரு பெரும் நெருக்கடியில்..." என்று எழுந்தார்.

"அண்ணே," என்றாள் பூங்கனி, "இண்ணைக்கு அடியில இருந்து மேல போங்க. முதல்ல நம்ம ஆபீசு. நேரம் மிச்சம் கெடந்தா உலகத்தப் பாப்போம்."

முருகதாஸ் ஒரு நிமிடம் நின்றார். தலைகீழாகப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பிறகு உட்கார்ந்துகொண்டு, "செரி, சொல்லுங்க," என்றார். அவருடைய பொதுவாழ்க்கையில் அதுவே சிறந்த உரை என்று பின்னால் பேசிக்கொண்டார்கள்.

தொழிலாளர் துறைக்கு மனு கொடுப்பது என்று முடிவானது. எடைச் சீட்டுகளின் நகலை இணைப்பது. மனுவை முருகதாஸ் அங்கேயே எழுதி வாசித்தார். கையெழுத்துக்கு நீட்டினார். தாள் முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம் போய், வெறும் தாளாகவே அவரிடம் திரும்பி வந்தது.

"முதல்ல ஆரு பேரு இருக்கோ அவள முதல்ல விரட்டுவானுவ," என்றாள் ஜெயபாய். "நான் கண்ணாடி எடுக்கல்ல, எனக்கு எழுதத் தெரியாது."

"கண்ணாடி மூக்குலதான் இருக்கு."

"இது சும்மா."

ரெஜிலா தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் எண்பத்தெட்டும் போகும். அப்புறம் பந்தாவது கிந்தாவது.

அப்போதுதான் பூங்கனிக்கு யோசனை வந்தது. "கையெழுத்து வேண்டாம் மக்களே. கைநாட்டு வைப்போம். தெனமும் பாக்குத மிஷினுக்கே நம்ம ஆருண்ணு தெரியல்ல, கோலப்பனுக்கு எப்பிடித் தெரியும்?"

முற்றமே சிரித்தது. மை ஒற்றும் பெட்டி வந்தது. நூற்றுப் பதினொரு பெண்கள் வரிசையாக வந்து பெருவிரலை அமுக்கினார்கள். தாளில் விழுந்தது ரேகை அல்ல. ரப்பர் பந்தை உருட்டியதுபோல நூற்றுப் பதினொரு நீலப் பொட்டுகள். பிரீனாவும் கையை நீட்டினாள்.

"நீ வைக்காத பிள்ளே," என்று பூங்கனி தடுத்தாள். "ஒனக்கு ரேகை இருக்கு. மாட்டிக்கிடுவ."

நாகர்கோவிலில் தொழிலாளர் அலுவலகத்து அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மனுவை முழுவதும் படித்தார். எடைச் சீட்டுகளையும் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார். எதிரே ரெஜிலாவும் பூங்கனியும் முருகதாசும் நின்றார்கள்.

"இது என்னது?"

"தொழிலாளர்களின் கைநாட்டு," என்றார் முருகதாஸ்.

"தமிழ்நாட்டுல படிப்புல முதல் மாவட்டம் நம்முடையது. அதுல நூத்திப் பதினோரு பேரையும் கையெழுத்து போடத் தெரியாத ஆளா தேடிப் பிடிச்சியளா?"

ரெஜிலா பத்தாம் வகுப்பு பாஸ். பூங்கனி பதிகளில் ஏடு வாசிக்கிறவள்.

"பயம் எனக்குப் புரியுது," என்றார் அதிகாரி, குரல் தணிந்து. "ஆனா பேரில்லாத மனுவை வச்சு நோட்டீஸ் அனுப்ப முடியாது. இதை மொட்டைக் கடிதாசின்னு ஒரே வரியில தள்ளிருவாங்க. உங்க புத்தி உங்களையே வராத ஆளா ஆக்கியிருக்கு. எனக்கு நூத்திப் பதினொண்ணு வேண்டாம். ஒரு பேரு போதும். ஒரே ஒரு பேரு, விலாசம், அவங்க எடைச் சீட்டு. நான் நோட்டீஸ் விடுதேன்."

பூங்கனி ரெஜிலாவைப் பார்க்காமலிருக்கச் சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். முருகதாஸ் சீலிங் விசிறியைப் பார்த்தார்.

"நாளைக்கு வாறேன்," என்றாள் ரெஜிலா.

திரும்பி வரும் பஸ்ஸில் ஷட்டரை இறக்கியும் மழை மடியில் விழுந்தது. திருவட்டாறில் இறங்கும்போது பூங்கனி, "யோசனை எனக்கதுதான். பேரும் நானே போடலாம். எனக்கு மருமகளும் குஞ்சும் வீட்டுல கெடக்கு, இல்லாட்டி..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"போ ஏட்டி, போய்க் குஞ்ச பாரு," என்றாள் ரெஜிலா.

இரவுக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. ஞானதாஸ் எல்லாவற்றையும் கேட்டான்.

"அங்க நீ மட்டும்தான் பொம்பளையா?"

"இடுப்பு ஒடிஞ்ச மாப்பிள்ள எனக்கு மட்டும்தான் இருக்கு."

"பேரு போட்டா மறுநாள் கேட்டுக்கு வெளியே நிப்பாட்டுவான். கார்டும் போச்சு, காலும் போச்சு. சும்மா இருந்தா, மெதுவா, ரெண்டு மூணு மாசத்துல நாளு சேராதா?"

"எப்பிடிச் சேரும்? திங்களும் செவ்வாயுமா மட்டும் சேரணும். அதுக்குள்ள உங்க காலு எனக்க முட்டளவுக்கு வந்திரும்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. அந்த வலியில் முகம் சுளித்து அப்படியே கிடந்தான். ரெஜிலா தலையணையைச் சரிசெய்தாள். கொஞ்சம் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

"எனக்குப் பேடியா இருக்கு, ரெஜிலா."

"எனக்கும்தான். பேடிச்சிட்டே எழுதுவேன். கை நடுங்கினா என்ன, பேரு அதேதானே."

அவள் விளக்கை அணைக்கப் போனபோது ஞானதாஸ் சொன்னான்: "எழுதத்தான் போற, கொஞ்சம் தெளிவா எழுது. படிக்க முடியல்லேண்ணு அந்த அம்மா திருப்பி அனுப்பப்பிடாது."

மறுநாள் நாகர்கோவில் போய் எழுதினாள். ரெஜிலா, கணவர் பெயர் ஞானதாஸ், வீட்டு எண் உட்பட. நூற்றுப் பதினொரு பொட்டுகளுக்கும் மேலே ஒரே ஒரு பெயர்.

ஒன்பதாம் நாள் நோட்டீஸ் ஆபீசுக்கு வந்தது. தபால்காரர் அதைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து கேட்டில் நின்ற பெண்ணிடம் சொல்ல, கோலப்பன் உறையைக் கிழிப்பதற்குள் தொலி உரிக்கிற வரிசைக்குத் தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் ரெஜிலாவுக்கு அழைப்பு வந்தது. யாரும் தலைநிமிரவில்லை. ஜெயபாய் மட்டும் அவள் தூக்குச்சட்டியை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். வெளியே தள்ளினால் அதையாவது கொண்டுபோய்க் கொடுக்கலாம்.

கோலப்பன் உட்காரச் சொன்னார். ரெஜிலா உட்கார்ந்தாள். சாயா வந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் அவளுக்கு முதல் சாயா.

"வீட்டுக்காரருக்கு எப்பிடிம்மா இருக்கு?"

"கெடக்காரு."

"நான் முதலாளிகிட்ட போன்ல பேசிட்டேன். என்ன இருந்தாலும் நம்ம ஆளு. உங்க நாளு எல்லாத்தையும் இண்ணைக்கே ஏத்திரலாம். நூத்தம்பத்தாறு என்ன, இருநூறே ஏத்துவோம். அடுத்த வாரமே ஆபரேஷன் செய்யலாம்." ஒரு தாளை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க இதுல ஒரு கையெழுத்து. மனுவை வாபஸ் வாங்குதேன்னு."

ரெஜிலா தாளைப் பார்த்தாள். ஞானதாஸ் நடப்பதுபோலத் தோன்றியது. கம்பு இல்லாமல், முற்றத்தைத் தாண்டி, கிணற்றடி வரைக்கும். அடுத்த வாரம். கையெழுத்துப் போட ஒரு நொடி ஆகும். பேனாவைக்கூட கோலப்பன் மூடி கழற்றி வைத்திருந்தார்.

சாயாவை எடுத்துக் குடித்தாள். நல்ல சாயா. இஞ்சி போட்டிருந்தார்கள்.

"எப்பிடி ஏத்துவிய, சாரே? மிஷின்லயா?"

"கையாலதான். விடுபட்ட வருகைக்குன்னு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு." நீல அட்டை போட்ட நீள நோட்டை இழுப்பறையிலிருந்து எடுத்தார். புது நோட்டு, முதல் பக்கம்கூட மடங்கவில்லை.

"பெங்களூருக்குக் கேக்க வேண்டாமா?"

"இதுக்கு வேண்டாம். நான் எழுதி ஒப்பு போட்டா போதும்."

"சட்டப்படி செல்லுமா? பின்ன மருந்தகத்துல இல்லேண்ணு சொல்லப்பிடாது."

"சட்டத்துலயே அப்படித்தாம்மா இருக்கு. நான் உங்ககிட்ட பொய் சொல்லுவேனா?"

"சொல்லமாட்டிய," என்றாள் ரெஜிலா. கிளாசில் அடியில் கிடந்ததையும் குடித்துவிட்டு எழுந்தாள். கதவை விரியத் திறந்து, கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள்.

"ஏட்டி பூங்கனி! ஜெயபாயக்கா! மிஷினுக்குத் தெரியாத நாளு எல்லாத்தையும் சாரு கையால எழுதித் தருவாராம். சட்டத்துலயே இருக்காம். சீட்டு எடுத்திட்டு வாருங்க!"

மனு கொடுத்த நாளிலிருந்து எல்லாருடைய மடியிலும் சீட்டுக் கட்டு இருந்தது, ஆனாலும் முதலில் யாரும் அசையவில்லை. பிறகு தொலி உரிக்கிற பக்கத்தில் பூங்கனி எழுந்து முந்தியைத் தட்டினாள். அவளுக்குப் பின்னால் ஜெயபாய். தல்லுகிற பக்கத்தில் மரச்சுத்தியல்களின் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றது. அந்தக் கொட்டகை அத்தனை அமைதியாக இருந்து கோலப்பன் கேட்டதே இல்லை.

வரிசை மேஜையிலிருந்து கதவைத் தாண்டி, கேட்டு வரைக்கும் போனது.

"என்னம்மா இது? எல்லாரும் இடத்துக்குப் போங்க. போர்மாலருந்து இப்பதான் தட்டு இறக்கியிருக்கு, பருப்பு ஆறுது!"

போர்மா என்பது பருப்பை உலர்த்துகிற சூட்டறை. அதிலிருந்து எடுத்த பருப்பைச் சூடு போகுமுன் உரித்தால் தொலி உதிரும். மழைக்காலத்தில் அரைமணி நேரம் ஆறவிட்டால் ஈரத்தை இழுத்துக்கொண்டு தொலி பருப்போடு ஒட்டிவிடும். நகத்தால் சுரண்டினால் பருப்பு நொறுங்கும். நொறுங்கினால் பாதி விலை. இது கோலப்பனுக்குத் தெரியும். அவரைவிட வரிசையில் நின்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெளியே மழை வேறு வலுத்தது.

"ஆறட்டு சாரே," என்றாள் ஜெயபாய். "நான் எப்பிடியும் இண்ணைக்கு வரல்ல. காலத்த மிஷின் சொல்லியாச்சு. வராதவ எப்பிடி உரிப்பா?"

"நான் ரெஜிலாம்மாவுக்கு மட்டும்தான் சொன்னேன்."

"அவளுக்கு மட்டும் ஒரு சட்டம் தனியா போட்டிருக்காவளா?"

கோலப்பன் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். முதலாளி எங்கேயோ தூரத்திலிருந்து பேசினார். எத்தனை தட்டு என்று மட்டும் கேட்டதாகத் தெரிந்தது, ஏனென்றால் கோலப்பன் "நாப்பத்தாறு" என்றார். பிறகு நெடுநேரம் "செரி", "செரி". வந்து உட்கார்ந்து, வாபஸ் தாளை இழுப்பறையில் போட்டுவிட்டு நீல நோட்டை விரித்தபோது அவர் முகத்தில் வருத்தம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது.

"செரி. முதல்ல ரெஜிலாம்மா. சொல்லுங்க."

மேஜைக்கு முன்னால் நின்ற ரெஜிலா தன் சீட்டுக் கட்டைப் பார்த்தாள். முதல் பெயராக அவள் பெயரை எழுதி, தேதிகளை எழுதி, ஒப்புப் போட்டுவிட்டு நோட்டை மூட அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்குக் கடைசில எழுதுங்க, சாரே."

வரிசையின் ஓரமாகவே நடந்து, கேட்டுக்குப் போய், எல்லாருக்கும் பின்னால் நின்றாள். தூவானம் காலில் அடித்தது.

பூங்கனியின் முறை நடந்துகொண்டிருந்தது. கோலப்பன் இப்போது வேகமாக எழுதினார். தட்டுகளை அடிக்கடி பார்த்தார்.

"பன்னிரெண்டு, பதிமூணு, பதினாலு..."

"பதினாலு வேண்டாம் சாரே. அண்ணைக்கு நான் வரல்ல. மருமகளுக்குப் பேறு."

"இருக்கட்டும்மா, எழுதியாச்சு."

"அடிங்க. வராத நாளு எனக்கெதுக்கு? வந்தத எழுதினா போதும்."

அவர் அடித்தார். அடித்த இடத்தில் சிறிய ஒப்புப் போட்டார். பூங்கனியின் நாட்கள் முடிந்து வரிசை ஓரடி நகர்ந்தது. முதல் பெயருக்கே கை கடுத்து விரலைச் சொடக்கினார். வரிசையின் நீளத்தை ஒருதடவை பார்த்துவிட்டு, கேட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்.

"ரெஜிலாம்மா, நீங்க முன்னால வந்திருங்க. வீட்டுல ஆளு கெடக்காருல்லா? உங்களுக்கு எழுதிட்டு மத்தவங்களுக்கு நாளைக்குப் பாப்போம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் நின்ற சிலர் அவளுக்கு வழிவிடக்கூட ஒதுங்கினார்கள். அவர்கள் முகத்தில் கோபமில்லை. இடுப்பு உடைந்த ஆளை எல்லாருக்கும் தெரியும்.

"அவரு கெடக்கட்டு சாரே," என்றாள் ரெஜிலா. "இத்தனை நாளு கெடந்த ஆளு, இன்னும் அந்தி வரைக்கும் கெடப்பாரு. நீங்க எழுதுங்க."

அவர் எழுதாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். ரெஜிலா தனக்கு முன்னால் நின்ற தலைகளைப் பார்த்தாள். யாருக்கு எந்தப் பெயர் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும்.

"அடுத்தது ஜெயபாய்," என்று வரிசையின் கடைசியிலிருந்து சத்தமாகச் சொன்னாள். "நாப்பது நாளுதான் இருக்கு அவளுக்கு. நிறைய எழுதணும். பேனாவுல மை இருக்கா, பாத்துக்கிடுங்க."